மீட்டரின் சின்ன உலுக்கல்

கரண்ட் போன சுகாதார நிலையத்தில், தடுப்பூசிக் குளிர்பெட்டியைப் பழைய பேட்டரியோடு இணைக்க இருந்தார்கள். நடுவில், மின்சாரத்தைச் சோதித்துப் பார்க்கும் மீட்டர் வந்து நின்றது.

"கரண்டைக் கொஞ்சம் கூட்டிக் குறைச்சு உங்க ரெண்டு பேரையும் லேசா உலுக்கணும். எவ்வளவு தாங்குவீங்கன்னு பார்க்கணும்."

"முதல்ல அந்தப் பெட்டியை உலுக்கு," என்றது பேட்டரி. தளர்ச்சி தெரிந்தால் தூக்கி எறிந்துவிடுவார்களே என்று அதற்குக் கலக்கம்.

"ஐயோ, என் வயித்துல குழந்தைங்க மருந்து இருக்கு!" என்று பதறியது குளிர்பெட்டி.

மீட்டர் உலுக்கியது. பேட்டரி தள்ளாடிவிட்டது.

"ஒரேயடியா கரண்டை இழுத்தா நான் விழுந்துடுவேன்," என்றது கம்மிய குரலில்.

குளிர்பெட்டி ஒத்துக்கொண்டது. "நான் எப்பவும் அப்படித்தான் இழுப்பேன். இதுவரை யாரும் சொன்னதில்லை."

ஸ்விட்சைப் போட்டார்கள். குளிர்பெட்டி பயந்து பயந்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தது. பேட்டரியின் விளக்கு மங்கியது, நடுங்கியது. ஆனால் அணையவில்லை.