மச்சானுக்கு ஒரு சேலை

"சேலை தங்கச்சிக்கா பாலையா? கரை நல்லா விழுந்திருக்கு."

"இல்லப்பா. மச்சானுக்கு."

திருச்சுழி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த நல்லகண்ணு சிரித்தான். பாலையா சிரிக்கவில்லை. மடியில் இருந்த அரக்குச் சேலையின் மடிப்புக் கலையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவனே தன் தறியில் நெய்த சேலை. கஞ்சி வாசம்கூட இன்னும் போகவில்லை.

நல்லகண்ணுவுக்கு இப்போதுதான் உறைத்தது. "ஏலே, நேத்து நான் சொன்னத வச்சா கெளம்பிட்ட?"

"வேற எதுக்கு? ரெண்டு வருசமாக் காத்துக் கெடந்தேன்ல."

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், மூன்றாவது பிரசவத்தில் பாலையாவின் பெண்டாட்டி செத்துப் பிழைத்தாள். இன்னொன்று தாங்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவளை மறுபடியும் கத்திக்குக் கொடுக்க மனசில்லாமல், பாலையா தானே போய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டு வந்தான். அதை ஊரே ஒரு மாதம் மென்று தின்றது.

அடுத்த மாதம் தங்கை அழகுத்தாயின் மகனுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது வழக்கம். பாலையா புது வேட்டி கட்டிச் சம்மணமிட்டு உட்கார்ந்து, மருமகனை வாங்கக் கையை நீட்டினான்.

அப்போதுதான் மச்சான் ராஜகுரு மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார். "ஆபரேசன் பண்ணுனவன் ஆம்பளையா? பொம்பள மடியில உக்கார வச்சு எம்மகனுக்குக் காது குத்த மாட்டேன்."

சொன்னதோடு விட்டாரா? கொடியில் காய்ந்த சேலை ஒன்றை உருவி, பாலையாவின் தோளில் வீசினார். பந்தலே சிரித்தது. பெண்கள்தான் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

அழகுத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. புருஷனையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டாள். "பொம்பளன்னா அம்புட்டுக் கேவலமா? அப்ப நான் யாரு?"

அது பாலையாவுக்கு இன்னும் எரிந்தது. 'எங்கண்ணன் ஆம்பள' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? வாய்க்கு வந்ததைத் திட்டிவிட்டு வெளியே வந்தவன், அதற்குப் பிறகு அவள் வாசலை மிதிக்கவில்லை. தெருவில் அவனுக்குப் 'பாலம்மா' என்று பேர் நிலைத்துவிட்டது. சந்தைக்குப் போனாலும் பாலம்மா, டீக்கடைக்குப் போனாலும் பாலம்மா. ராத்திரியும் பகலும் அந்தப் பேரோடு கிடந்து வெந்தான்.

"நல்லாப் பாத்தியாலே? அவருதான்?" பாலையா மறுபடியும் கேட்டான்.

"அவருதான்ப்பா. ஆஸ்பத்திரி வாசல்ல ஆபரேசன் கேம்ப்பு நடக்குது. உள்ள ஒரு கட்டில்ல ஒம்மச்சான் படுத்திருக்காரு. வந்து மூணு நாளாச்சுன்னு ஆயாம்மா சொல்லுச்சு."

பாலையா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். "எனக்கு மத்தியானம் பண்ணுனாக. சாயங்காலமே பஸ்ஸேறி வீட்டுக்கு வந்துட்டேன். அவுகளுக்கு மூணு நாள் படுக்கை கேக்குதாக்கும். இந்தச் சொகத்துக்கு மீசை வேற."

"கட்டில்ல கெடக்கிற மனுசன்கிட்டப் போயி எதுக்குலே? தங்கச்சி மொகத்துக்காகவாவது விட்டுரு."

"அவ எம்மொகத்தப் பாத்தாளா?"

நல்லகண்ணு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சொல்ல வேண்டிய வாக்கியத்தைப் பாலையா மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். 'மச்சான், நீங்களும் எங்க கூட்டத்துல சேந்துட்டீக. எந்திரிச்சுக் கட்டிக்கங்க.' வார்டில் எல்லாரும் கேட்கும்படி சொல்ல வேண்டும். மரியாதையாகச் சொல்ல வேண்டும். அப்போதுதான் ஆயுசுக்கும் அறுக்கும்.

திருச்சுழியில் இறங்கினான். ஆஸ்பத்திரி வாசலில் ஓலைப் பந்தல் போட்டு, ஆபரேஷனுக்கு வந்தவர்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன முறை தானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்ததும், பாலையாவுக்கு இன்னும் வேகம் வந்தது. சேலையை எல்லாரும் பார்க்கும்படி நெஞ்சுக்கு நேரே ஏந்திக்கொண்டு உள்ளே நடந்தான்.

வராந்தாவில் சுவரோடு ஒண்டி அழகுத்தாய் உட்கார்ந்திருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் மெதுவாக எழுந்தாள். ரெண்டு வருஷத்தில் பாதியாக இளைத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் எங்கே மனசு இளகிவிடுமோ என்று பாலையா பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"எங்க ஒம்புருசன்?"

அவள் அவன் கையில் இருந்த சேலையையே பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, அதை இரண்டு கையாலும் பிடித்தாள்.

பாலையா விடவில்லை. "இது ஒனக்கில்ல. விடு."

அவள் கேட்ட மாதிரியே தெரியவில்லை. சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அப்படியே அவன் காலடியில் சரிந்தாள்.

"அவரு போனத இன்னும் யாருக்குமே சொல்லிவிடலியே அண்ணே, அதுக்குள்ள எப்படிக் கோடிச் சேலையோட வந்த?"