பால் ஊற்றி அனுப்பிய பாம்பு

“மெய்ராம், நீ வளர்க்கிற பாம்பு இனிமே வராது. ஷர்பானு அது தலையில பாலை ஊத்தி வெளியே அனுப்பிட்டா.”

கட்டட வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்த தமாரா சொன்னாள். மெய்ராம் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தான்.

“எப்போ?”

“காலையில. நீ கிளம்பின கொஞ்ச நேரத்துல. மாடிப்படியில ஒரே சத்தம். அவ வாசப்படியெல்லாம் பால்.”

வீட்டுக்குள் வந்த பாம்பை அடிக்கக் கூடாது. தலையில் பால் ஊற்றி, கதவைத் திறந்துவிட வேண்டும். இந்தக் கராகந்தா நகரில் இது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். கோடையில் புல்வெளியில் கூடாரம் போட்டு வாழ்ந்தவர்கள் உண்டாக்கியது. வெளியே போன பாம்பு தன் பாட்டுக்குப் போய்விடும்.

ஆனால் இது ஜனவரி. மூச்சு விட்டால் மீசை உறைகிறது.

மெய்ராம் நிமிர்ந்து பார்த்தான். இரண்டாம் மாடியில், அவன் வீட்டுக்கு நேர் கீழே, ஷர்பானுவின் ஜன்னல் மட்டும் இருட்டாக இருந்தது. மற்ற வீடுகளில் எல்லாம் விளக்கு எரிந்தது.

“வீட்டுலதான் இருக்கா,” என்றாள் தமாரா. “அவ வெளியே போனதை நான் பார்க்கல. உனக்குப் பயந்து விளக்கு போடாம உட்கார்ந்திருக்கா.”

மெய்ராம் படியேறினான். படிக்கட்டின் உடைந்த ஜன்னல் வழியே பனி உள்ளே வந்து ஓரமாகக் குவிந்திருந்தது. அந்தக் குவியலைக் கையால் விலக்கிப் பார்த்தான். ஒன்றும் இல்லை.

தன் வீட்டைத் திறந்தான். கண்ணாடிப் பெட்டி காலி. மேலிருந்த விளக்கு அணைந்திருந்தது. அடியில் விரித்திருந்த சூட்டு விரிப்பும் சில்லென்று இருந்தது. இரண்டுக்கும் மின்சாரம் போகும் இடத்தில் இஸ்திரிப் பெட்டியின் வயர் செருகியிருந்தது. காலையில் அவசரமாகச் சட்டை தேய்த்தவன் அவன்தான்.

குளிர் தாங்காமல் அவன் பாம்பு அல்மா மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியேறியிருக்கிறாள். வெந்நீர்க் குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு கீழ் வீட்டுக்கு இறங்கும் இடத்தில் ஒரு சந்து. சூட்டைத் தேடிப் போனவள் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்க வேண்டும்.

தப்பு தன்னுடையது என்று தெரிந்தது. தெரிந்ததும் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

போன மாதம் இதே படிக்கட்டில் எல்லாரும் கூடி, பாம்பைப் பற்றிப் பஞ்சாயத்து வைத்தார்கள். அது விஷமில்லாதது என்றும், பெட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறு பக்கம் சூடு குறைவாகவும் இருக்க வேண்டும் என்றும், சூடான எதுவும் உடம்பில் நேராகப் படக் கூடாது, பகலில் வெளிச்சமும் இரவில் இருட்டும் வேண்டும் என்றும் மெய்ராம் பொறுமையாகச் சொன்னான். பாதிப்பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஷர்பானு மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். “பாம்புக்குச் சூரியனையே வாங்கிக் கொடுத்திருக்கே. ஒரு பொண்ணைப் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்க மட்டும் வசதி இல்லையாக்கும்?”

எல்லாரும் சிரித்தார்கள். பாம்பு இருக்கவே கூடாது என்று கடைசிவரை நின்றவளும் அவள்தான். அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை.

மெய்ராம் கீழே இறங்கி அவள் கதவைத் தட்டினான். வாசற்படியில் பால் உறைந்து வெள்ளையாகப் படிந்திருந்தது.

உள்ளே செருப்புச் சத்தம். கதவு திறந்தது. வீடு முழுக்க இருட்டு.

“ஏன் அக்கா இப்படிப் பண்ணினீங்க?” என்றான். “ஒரு பெட்டியில போட்டு மூடி, மேலே என் கதவுகிட்ட வெச்சுட்டுப் போயிருந்தாலும் பரவாயில்லையே. இந்தக் குளிர்ல அது எவ்வளவு நேரம் தாங்கும்?”

“தாங்காதுன்னு எனக்கும் தெரியும்.”

“தெரிஞ்சும் அனுப்பினீங்க.”

“வீட்டுக்குள்ள தானா வந்த பாம்பை வெச்சுக்கக் கூடாது தம்பி. பாலை ஊத்தினேன், துடைப்பத்தால வெளியே தள்ளினேன், கதவைச் சாத்தினேன். செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு.” ஷர்பானு தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். “சாத்தினப்புறம் மனசு கேக்கல. திறந்து பார்த்தா அங்கேயே சுருண்டு கிடக்கு. கைக்குக் கம்பளி உறை போட்டு நானே தூக்கிட்டு வந்தேன். தானா வந்தாத்தானே பாம்பு. நாம கூட்டிட்டு வந்தா விருந்தாளி. விருந்தாளியைத் துரத்த முடியுமா?”

மெய்ராம் அவள் தோளுக்கு மேலாக இருட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா.”

“உன் நம்பர் என்கிட்ட ஏது? நாமதான் பேசறதில்லையே.”

அவள் முன்னால் நடந்தாள். தடவித் தடவிப் பின்னால் போனான். தெரு வெளிச்சத்தில் அறை மெல்லத் தெரிந்தது. வெந்நீர்க் குழாயைச் சுற்றிக் கனத்த கம்பளி கட்டியிருந்தது. அதை ஒட்டி ரொட்டி மாவு பிசையும் பெரிய அலுமினியத் தொட்டி. ஒரு முனை குழாய்ப் பக்கம், மறு முனை ஜன்னல் பக்கம். மேலே சல்லடை, அதன்மேல் பாரத்துக்கு ஒரு கல். உள்ளே ஒரு கிண்ணத்தில் தண்ணீர். பக்கத்தில் அவள் தையல் வேலைக்கு வைத்திருக்கும் மேசை விளக்கு, தொட்டியைப் பார்த்தபடி அணைந்து நின்றது.

“பகல் முழுக்க அதைப் போட்டுத்தான் வெச்சிருந்தேன்,” என்றாள் ஷர்பானு.

சல்லடைக்கு அடியில் ஏதோ அசைந்ததுபோல் இருந்தது. அல்மா உயிரோடுதான் இருக்கிறாளா? பார்த்துவிடத் துடித்து, மெய்ராம் சுவரில் கை வைத்துச் சுவிட்சைத் தேடினான்.

ஷர்பானு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போட்டுடாதே தம்பி. நீதானே சொன்னே, அதுக்கு ராத்திரின்னா இருட்டு வேணும்னு. நான் அஞ்சு மணியிலேர்ந்து இப்படியேதான் உட்கார்ந்திருக்கேன்.”