பெட்டிக்குக் கெடு

"வீட்டு முன்னால சாமான் பெட்டியை முப்பது நாளுக்கு மேல வைக்கக் கூடாது சார். உங்களோடது நாலு மாசமா நிக்குது" என்றாள் நகராட்சி ஆய்வாளர் லோர்னா.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் அந்தச் சின்ன ஊரில், ஓர் அறை அளவு இரும்புப் பெட்டி வீட்டுக்காரர் டெல்பர்ட்டின் கார் பாதையை அடைத்து நின்றது.

"உள்ள என்ன இருக்கு?"

"என் மக டெசாவோட சாமான். விபத்துல அவ போனப்புறம் அவ இருந்த வாடகை வீட்டைக் காலி பண்ணி அனுப்பினாங்க. இன்னும் திறக்கல."

லோர்னா பேனாவைத் திறந்தாள்.

"பேர் போடாம யாரோ புகார் எழுதியிருக்காங்க. இரக்கமில்லாத ஜென்மம்! கவலைப்படாதீங்க சார். துக்க வீட்டுக்குக் கெடுவை நீட்டிக்க விதியில இடமிருக்கு. தொண்ணூறு நாள் எழுதித் தர்றேன்."

அவர் அவசரமாக அவள் கையைத் தடுத்தார்.

"வேண்டாம்மா. தொண்ணூறு நாளும் ஜன்னல் வழியா அதையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேன். யாராவது வந்து 'திற'ன்னு அதட்டினாத்தான் எனக்குக் கை வரும். அதான், அந்தப் புகாரை நானே எழுதிப் போட்டேன்."

லோர்னா பேனாவை மூடிவிட்டு, குரலை வேண்டுமென்றே கடுமையாக்கிக்கொண்டாள்.

"இப்பவே திறந்தாகணும் சார். திறக்கிற வரைக்கும் நான் இங்கேருந்து நகர மாட்டேன்."

டெல்பர்ட் சாவியை எடுத்தார்.