தள்ளுபடியான ஓவியம்

இணைய ஓவியப் போட்டியில் தன் படம் தள்ளுபடியானது ஏன் என்று கேட்க, பஸ் ஓட்டும் பெண் ஒருத்தி சீருடையோடு நடுவரின் அலுவலகத்துக்கு நேரிலேயே வந்துவிட்டாள். நடுவருக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று.

"ஒரு மாசம் உக்காந்து கலர் பென்சில்ல வரைஞ்சது சார். ஏ.ஐ. போட்ட படம்னு ஒரே வரியில எழுதிட்டீங்க. கமெண்ட்ல ஊரே காறித் துப்புது."

"நான் சொல்லலம்மா, சாஃப்ட்வேர் சொல்லுது. தொண்ணூத்தெட்டு சதவீதம் ஏ.ஐ.யாம்."

"அதுவும் ஒரு ஏ.ஐ.தானே சார்?"

நடுவர் விடவில்லை. படத்தைத் திரையில் பெரிதாக்கினார். பஸ் ஜன்னலில் ஒரு சிறுமி கையசைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கையில விரலை எண்ணிப் பாருங்க. ஆறு விரல்! மெஷின்தான் இந்தத் தப்பைப் பண்ணும்."

அவள் கோபப்படவில்லை. கதவைத் திறந்து, "உள்ள வாடி தங்கம்" என்றாள்.

படத்திலிருந்த அதே சிறுமி துள்ளிக்கொண்டு வந்து, "ஹாய் மாமா!" என்று கையசைத்தாள். நடுவர் எண்ணினார். நம்பாமல் மறுபடி எண்ணினார். சுண்டுவிரலை ஒட்டி, ஆறாவதாக ஒரு குட்டி விரல் ஆடிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிடும்மா" என்றவர், அப்போதே படத்தைப் போட்டியில் சேர்த்து, 'தப்பு என்னுடையது' என்று எல்லோரும் பார்க்க எழுதினார்.

சிறுமி அவர் மேஜையைப் பிடித்து எம்பினாள்.

"மாமா, எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் விரல் விட்டு எண்ணினா பத்தோட முடிஞ்சிடும். நான் மட்டும் பதினொண்ணு வரைக்கும் போவேன். எண்ணிக் காட்டட்டுமா?"