தொட்டதும் ஓடணும்

"தர மனசில்லன்னா நேரா சொல்லிட வேண்டியதுதானே சரிதா? ஒரு வீடியோவுக்கு எத்தினி நாள் எங்கள அலைய வுடுவே?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஸ்கூல் வேன் நிற்கும் இடத்தில் செந்தாமரை அக்கா சத்தமாகவே கேட்டாள். சுற்றி நின்ற அம்மாக்கள் சிரித்தார்கள்.

சரிதாவும் சிரித்தாள். "நல்லதா ஒண்ணு கிடைக்கலக்கா. தேடிட்டுத்தான் இருக்கேன்."

சங்கீதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆண்டு விழாவில் இவர்கள் பிளாக் பிள்ளைகள் ஆடிய கோலாட்டத்தை முழுசாகப் படம் பிடித்தது சரிதா மட்டும்தான். வாட்ஸ்அப்பில் போட்டால் பிள்ளைகள் முகமெல்லாம் மங்கிப்போனது. கிளவுடில் ஏற்றிவிட்டு லிங்க் மட்டும் அனுப்பலாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். "நான் பார்த்துக்கறேன்" என்று தானாக முன்வந்தவளும் சரிதாதான்.

சங்கீதாவின் கணவன் குமரவேல் ஆறு மாசமாக நெய்வேலியை விட்டு ஒடிசா மைன்ஸில். வருகிற ஞாயிறு அவனுக்குப் பிறந்தநாள். "அப்பாவுக்கு என் டான்ஸ்தான் கிஃப்ட்" என்று மகள் மணிமொழி போனிலேயே வாக்குக் கொடுத்துவிட்டாள். மூன்றாவது படிக்கிறவள். வேனிலிருந்து இறங்கியதும் தினமும் ஒரே கேள்விதான்.

"வீடியோ வந்துச்சாம்மா?"

திங்கட்கிழமையே சங்கீதா தன் தம்பி பிரவின்குமாரைக் கேட்டு ஒரு கிளவுட் பேரைச் சொன்னாள்.

மறுநாள் சரிதா உதட்டைப் பிதுக்கினாள். "பார்க்கறவங்களுக்கும் பாஸ்வேர்ட் கேக்குது. அது வேணாம்."

புதன்கிழமை இன்னொன்று. "அதுக்குத் தனியா ஆப் இறக்கணுமாம். வேணாம்."

வியாழக்கிழமை வேறொன்று. "அய்யோ, விளம்பரமா வந்து குதிக்குது. எங்க தொடறதுன்னே தெரியல."

"உனக்கு என்னதான் வேணும் சரிதா?"

"தொட்டதும் ஓடணும். வேற ஒண்ணும் கேக்கக் கூடாது."

செந்தாமரை அக்கா விடுவாளா? "ஏன், நாங்கல்லாம் என்ன கைநாட்டா? ஒரு ஆப்பு இறக்கத் தெரியாதா எங்களுக்கு? புது போன் வெச்சிக்கினு இருக்கற திமிரு, வேறென்ன!"

அக்கா கேட்டதில் என்ன தப்பு என்றுதான் சங்கீதாவுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை பொறுக்க முடியவில்லை. மணிமொழியைக் கூட்டிக்கொண்டு சரிதாவின் குவார்ட்டர்ஸுக்கே போய்விட்டாள். சரிதா பஜ்ஜி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

"சரிதா, நாளைக்கு அவருக்குப் பிறந்தநாள். எனக்கு மட்டுமாவது குடு. பாஸ்வேர்டோ ஆப்போ, எதுவா இருந்தாலும் நான் பார்த்துக்கறேன்."

"உனக்குக் குடுத்தா நீ ஸ்டேட்டஸ் வெப்பே. எல்லாரும் கேப்பாங்க. ஒண்ணாத்தான் அனுப்பணும் சங்கீதா. காலையில வேற ஒண்ணுல ஏத்திட்டேன். இருக்கறதுலயே எளிசு. கொஞ்சம் பொறு."

"ஏத்தியாச்சுன்னா அனுப்ப வேண்டியதுதானே? இன்னும் எதுக்குப் பொறுக்கணும்? பரீட்சையா வெக்கறே எங்களுக்கு?"

சரிதா வாயைத் திறப்பதற்குள் சமையல் மேடையில் இருந்த போன் டிங் என்றது.

"பாப்பா, அதைக் கொஞ்சம் எடுத்துக் குடுடா. கையெல்லாம் மாவு."

எடுத்த மணிமொழி சும்மா இருப்பாளா? தொட்டாள்.

"சரிதா! இது தொட்டதும் ஓடுதும்மா!"

வாய்ஸ் மெசேஜ். செந்தாமரை அக்காவின் குரல்!

"பாஸ்வேர்டும் கேக்கல, போன்ல இடமில்லன்னும் சொல்லல. எம் புள்ள குச்சியக் கீழ போட்டுட்டு முழிக்கறது வரைக்கும் தெரியுது! இந்த ஓட்ட போன்லயே நாலு வாட்டி பார்த்துட்டேன். இனிமே எல்லாருக்கும் அனுப்பிடு. சங்கீதா வூட்டுக்காரருக்கு நாளைக்குப் பொறந்தநாளாம். என்னால அந்தப் பொண்ணும் காத்துக்கினு கெடக்குது."

மாவுக் கையோடு பாய்ந்து வந்த சரிதா பாதி வழியிலேயே நின்றுவிட்டாள்.

சங்கீதா போனையும் சரிதாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்காவுக்காகவா... இத்தனை நாளா?"

"போன் பழசுன்னு யார்கிட்டயும் சொல்லிடாதேன்னாங்க. நாம எல்லாம் பார்த்துட்டு வேன்கிட்ட அதையே பேசுவோம். அவங்க மட்டும் பார்க்காம நிக்கணுமா? அவங்க போன்ல எது ஓடுதோ, அதையே எல்லாருக்கும் அனுப்பலாம்னு இருந்தேன்."

"அந்த அக்காதானே உன்னை அவ்ளோ பேச்சு பேசினாங்க!"

"பேசட்டும் விடு." சரிதா கையைக் கழுவிக்கொண்டு வந்து லிங்க்கை அனுப்பினாள்.

சங்கீதா அதை அங்கேயே நின்று ஒடிசாவுக்கு அனுப்பினாள். இருவருமாக ஒரு தட்டு பஜ்ஜி போட்டு முடிப்பதற்குள் குமரவேல் கூப்பிட்டுவிட்டான்.

"சங்கீதா, ரெண்டாவது வாட்டி பார்த்துக்கினு இருக்கேன். ரூம்ல இருக்கறவங்க எல்லாரும் கை தட்டறாங்க, கேக்குதா?"

மணிமொழி போனைப் பிடுங்கினாள். "அப்பா, அது நாளைக்குக் கிஃப்ட்டு! இன்னிக்கே ஏன் பிரிச்சீங்க?"

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கும்போது சரிதாவின் போன் மறுபடி டிங் என்றது. இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? சரிதாவே தொட்டாள்.

"சரிதா, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். திங்கக்கெழம வேன்கிட்ட வழக்கம்போல நான் உன்ன ரெண்டு வார்த்த திட்டுவேன், மனசுல வெச்சிக்காதம்மா. திடீர்னு நிறுத்திட்டா அந்த சங்கீதாவுக்கு சந்தேகம் வந்துடும்!"