தவலைத் தண்ணீர்

தவலையை மூடியிருந்த தட்டை அவர் இன்றுதான் விலக்கினார்.

தண்ணீருக்குள் ஏதோ துடித்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். மயிரிழை போல, வளைந்தும் நிமிர்ந்தும். ஒன்றல்ல, பல. அவர் நிழல் விழுந்ததும் எல்லாம் அடிக்கு இறங்கின.

கொசுப்புழு.

தட்டின் விளிம்பு ஒரு பக்கம் நெளிந்திருந்தது. அந்த இடுக்கு போதும்.

காலையில்தான் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ரத்த அழுத்த மாத்திரைக்காக மாதாமாதம் போகிற கிளினிக். மழைக்காலம் தொடங்கிவிட்டால் அங்கே டாக்டரம்மா அறிவுரை சொல்வதில்லை. கேள்வி கேட்பார். முதுகுவலிக்கு வந்தவரானாலும் சரி, கண் எரிச்சலுக்கு வந்தவரானாலும் சரி, ஒரே கேள்வி.

"உங்க வீட்டுல தண்ணி எங்க நிக்குது?"

எங்கேயும் இல்லை என்றால் விடமாட்டார். யோசிக்கச் சொல்வார். பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, மாடியில் கிடக்கும் டயர், ஏதாவது ஓர் இடத்தை ஒப்புக்கொண்டால்தான் மருந்துச் சீட்டு கைக்கு வரும்.

இத்தனை வருஷமும் மனைவி பவளம்தான் பதில் சொல்வாள்.

"இவரு பாதி குடிச்சிட்டு வெக்கிற காப்பி டம்ளர்லதான் டாக்டரம்மா. வீடு பூரா நிக்குது."

வெளியே காத்திருப்பவர்கள் வரைக்கும் சிரிப்பார்கள்.

இன்று அவர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"எங்கயும் இல்லம்மா," என்றார்.

டாக்டரம்மா பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார். யோசிக்கச் சொல்லவில்லை. சீட்டைக் கொடுத்துவிட்டார்.

வெளியே பெஞ்சில், அவர் வீட்டுக் கீழ்ப்பகுதியில் குடியிருக்கும் ரெஜினா. அவள் மடியில் ஷைனி. நாலு வயசு. கண் சொருகிக் கிடந்தாள்.

"காய்ச்சல் எறங்கவே மாட்டேங்குது அங்கிள். டெங்குவான்னு பாக்க ரத்தம் எடுத்திருக்காங்க. சாயங்காலம் சொல்வாங்களாம்."

குழந்தையின் நெற்றியைத் தொட்டார். கை சுட்டது.

ஷைனி விளையாடுகிற இடம் அவர் வீட்டிலிருந்து மொட்டைமாடிக்கு ஏறும் படி. தவலை இருப்பது அந்தப் படிக்கு அடியில்.

பவளம் போவதற்கு முந்தின நாள் முனிசிபாலிட்டித் தண்ணீர் வந்தது. கீழேயிருந்து குடம் குடமாகத் தூக்கி வந்து நிரப்பினாள்.

"குடு, நான் தூக்குறேன்."

"உங்க கையில குடுத்தா பாதி படிக்கட்டுக்குத்தான்," என்றாள்.

விடிந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை.

தீட்டு என்று வீட்டில் இருந்த தண்ணீரையெல்லாம் பெண்கள் கொட்டினார்கள். குடம், வாளி, ஃபிரிட்ஜில் இருந்த பாட்டில் வரை. படிக்கு அடியில் இருந்த தவலையை யாரும் பார்க்கவில்லை.

அவர் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு தட்டையும் திறக்கவில்லை. போகும்போதும் வரும்போதும் தவலையின் வயிற்றில் ஒருமுறை கை வைப்பார். பித்தளை குளிர்ந்திருக்கும். அவ்வளவுதான்.

இப்போது இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தார். சாக்கடைத் துவாரம் பக்கத்திலேயே இருந்தது.

சாய்த்தார்.

தண்ணீர் விளிம்புவரை வந்தது.

நிமிர்த்திவிட்டார்.

கீழே குழந்தை சிணுங்குவது கேட்டது. ரெஜினா ஏதோ சொல்லித் தேற்றினாள். மறுபடியும் சிணுங்கல்.

உள்ளே போய் ஓர் அண்டாவையும் பழைய வேட்டி ஒன்றையும் எடுத்து வந்தார். வேட்டியை இரண்டாக மடித்து அண்டாவின் வாயில் கட்டினார். சொம்பு சொம்பாக முகந்து வடித்தார். ஒரு சொட்டு கீழே போகவில்லை.

புழுக்கள் துணியிலேயே தங்கின. துணியை மொட்டைமாடி வெயிலில் விரித்துப் போட்டார்.

அண்டாவை அடுப்பில் ஏற்றினார். தளதளவென்று கொதித்தது. ஆறட்டும் என்று பக்கத்திலேயே நின்றார். ஆற வெகுநேரம் பிடித்தது. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

குளியலறையில் மணையைப் போட்டு உட்கார்ந்தார்.

முதல் சொம்பைத் தலையில் ஊற்றினார்.

சோப்பு எடுக்கவில்லை. அவசரப்படவும் இல்லை. தோளுக்கு ஒரு சொம்பு. நெஞ்சுக்கு ஒன்று. கண்ணைத் திறக்காமலே அடுத்தது.

அண்டாவின் அடி தட்டியதும் சொம்பை வைத்துவிட்டு, அண்டாவையே தூக்கித் தலைமேல் கவிழ்த்தார்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

வேட்டியைச் சுற்றிக்கொண்டு, துண்டைக் கையில் பிடித்தபடி போய்த் திறந்தார். ரெஜினா. படியேறி ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது.

"டெங்கு இல்லையாம் அங்கிள்! சாதாக் காய்ச்சல்தானாம். இப்பத்தான் கிளினிக்லேருந்து போன் வந்துச்சு."

"நல்லதும்மா. ரொம்ப நல்லது."

அவள் அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தாள்.

"என்ன அங்கிள் நீங்க, மழை நாள்ல, பொழுது போன நேரத்துல தலைக்கு ஊத்திக்கிட்டு! மொதல்ல தொவட்டுங்க. அப்புறம் உங்களையும் தூக்கிக்கிட்டு நான் டாக்டரம்மாகிட்ட ஓடணுமா?"

"தொவட்டுறேன்," என்றார்.

அவள் இறங்கிப் போனாள். கதவைச் சாத்தினார்.

முடியிலிருந்து வழிந்த தண்ணீர் கழுத்தில் இறங்கி, முதுகில் மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

துண்டைக் கொடியில் போட்டார்.

மின்விசிறியைப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.