உள்ளங்கைக் கார்

"மெதுவா, மெதுவா! அந்தப் புகைக்குழாய் ரெண்டும் ஊசி கனம்தான். கை பட்டா போச்சு!"

பொம்மைக்காரர் பதறினார். மேஜைமேல் குனிந்திருந்த அம்மாள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

தெருவில் எல்லோருக்கும் அவர் பொம்மைக்காரர்தான். பெரிய கார்களை உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி, அச்சு அசலாகச் செய்து தருவது தொழில். அதைப் பொம்மை என்று யாராவது சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். இந்த முறை வந்தது ஒரு ரோட்ஸ்டர். பழைய திறந்த காரை வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்து, இன்ஜினை ஊர் பார்க்கத் திறந்துபோட்டு, மூக்கில் நெருப்பு வரைந்துகொண்டு படபடவென்று திரிகிற கிறுக்கு இருக்கிறதே, அந்த ரகம். அம்மாளின் கணவர் வீட்டுக் கொட்டகையில் தன் கையாலேயே கட்டிய வண்டி.

"அவருக்குத் தெரியாம படம் எடுக்க நான் பட்ட பாடு இருக்கே!" என்றார் அம்மாள். "கல்யாண நாளைக்குக் குடுக்கப்போறேன். இதைப் பார்த்தாவது என்னை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறாரான்னு பார்ப்போம். வண்டி முடிஞ்சதுலேர்ந்து ஒரு தடவைகூட ஏத்தினதில்ல."

"என்னம்மா இது? ரெண்டு சீட்டு இருக்குமே?"

"இருக்கு. ஒண்ணுல அவராம், இன்னொண்ணுல டூல்ஸ் பெட்டியாம்."

பொம்மைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் வீட்டுக் கதையும் கொஞ்ச நாள் முன்புவரை அப்படித்தான் இருந்தது. அவர் மேஜையை விட்டு எழுந்திருக்க மாட்டார். மனைவி அந்த மேஜைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். "உங்களுக்குப் பசை டப்பாதான் பொண்டாட்டி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவாள்.

இந்த ரோட்ஸ்டர்தான் அதை மாற்றியது. ஒரு நாள் அவளாகவே ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் உப்புத்தாள் தேய்த்தார், அவள் தூசி ஊதினாள். அவர் தீ வரைந்தார், அவள் பிரஷ் கழுவிக் கொடுத்தாள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அப்படி ஒட்டி உட்கார்ந்ததில்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை. கார் முடிந்ததும் அவள் பழையபடி எழுந்து போய்விடுவாளோ என்பதுதான் இப்போது ஒரே பயம். இந்த அம்மாள் அவள் காதுபட நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டால் அடுத்த காருக்கும் உட்காருவாள் என்று மலைபோல் நம்பிக்கொண்டிருந்தார்.

அவளோ காலையிலிருந்து தலைவாரி, நல்லதாக உடுத்திக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவள், அம்மாள் வந்ததும் 'வாங்க' என்றுகூடச் சொல்லாமல் அடுப்படிக்குள் போனவள்தான். தப்பு அவர் பேரில்தான். விஷயம் கசியக் கூடாது என்று அம்மாள் சத்தியம் வாங்கியிருந்ததால், மனைவியிடம்கூட "வண்டிக்குச் சொந்தக்காரரே கேட்டிருக்கார்" என்றுதான் சொல்லிவைத்திருந்தார். ஆள் மாறி வந்ததில் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"முன்கண்ணாடியைக் குட்டையா வெட்டினதைக்கூட விடலையே நீங்க!" அம்மாள் வியந்தார்.

"எப்படிம்மா விடுவேன்? இந்தப் பக்கத் தீயில ஒரு நாக்கு மட்டும் கோணலா போகுது பாருங்க. படத்துல அப்படித்தான் இருந்துச்சு. திருத்தச் சொல்லிக் கை துறுதுறுன்னுச்சு. அடக்கிக்கிட்டேன்."

"ஐயோ, அன்னைக்கு அவர் கையில குளவி கொட்டிடுச்சு!" அம்மாளுக்குச் சிரிப்பில் கண் கலங்கிவிட்டது. "அவர் பக்கத்துல உட்கார்ந்து போற மாதிரியே இருக்கு எனக்கு."

இதுதான் சமயம் என்று பொம்மைக்காரர் இடுக்கியை எடுத்தார்.

"இப்போ துணிக்கூரையைத் தூக்குறேன். கோவிச்சுக்கக் கூடாது. உள்ளே சும்மா கறுப்பா விட்டுடச் சொன்னீங்க. என் மனைவிதான் கேட்கல. மொட்டையா விட்டா நல்லாவா இருக்கும், உள்வேலையை என்கிட்ட விடுங்கன்னா. எல்லாம் அவளோட கற்பனை!"

கூரை எழும்பியது. உள்ளே அடர்சிவப்பு இருக்கைகள், அவற்றில் கட்டம் கட்டமாக வெள்ளைத் தையல். பக்கத்து இருக்கைக்கு எதிரே கடுகளவு வட்டக் கண்ணாடி ஒன்று மின்னியது.

அம்மாள் இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தார்.

"எப்படிம்மா இருக்கு?" பொம்மைக்காரர் குரலை உயர்த்தினார். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, அவளும் கேட்கட்டும்!"

"அசலேதான்." அம்மாள் நிமிர்ந்தார். "நான் குடுத்த படத்துல எல்லாமே மூடியிருந்துச்சு. உள்ளே எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது. முந்தாநாள் அவர் கொட்டகையைப் பூட்ட மறந்துட்டார், அப்பதான் முதல் தடவையா வண்டிக்குள்ளே பார்த்தேன். இதே சிவப்பு. இதே தையல். பக்கத்து சீட்டுக்கு எதிர்ல இதே கண்ணாடி. பொம்பளைங்க முகம் பார்க்கிற கண்ணாடி இங்க எதுக்குன்னு கேட்டேன். அவர் பதிலுக்குக் கொட்டகையைப் பூட்டினதுதான் மிச்சம்."

பொம்மைக்காரரின் கையில் கூரை இடுக்கியோடு நின்றது. அம்மாள் அடுப்படிக் கதவைப் பார்த்தார்.

"உங்க மனைவியைக் கூப்பிடுங்க. அவங்களுக்குத் தெரியும்."